பெற்றுக்கொள்பவர் கட்டம்

கூடத்தின் நடுவில் பெட்டி மூடாமல் கிடந்தது. மறுநாள் விமானம். பதினாறு வயது மகள் அறிவியல் முகாமுக்காக முதல் தடவையாகத் தனியே வெளிநாடு போகிறாள். அங்கே சித்தி வந்து அழைத்துக்கொள்வாள். வீடே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்த அந்தக் காலையில்தான், பெட்டியில் அடையாளம் கட்ட நூல் தேடிப்போன நாத்தனார், தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தோடு வந்தாள். காகிதம் இரண்டு துண்டாக இருந்தது.

"பாருடா தம்பி, உன் பொண்டாட்டி பண்ணின வேலைய. பொண்ண அனுப்பச் சம்மதம்னு நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியே, அந்தக் கடுதாசி. கிழிச்சிருந்தாக்கூட ஏதோ ஆத்திரம்னு விட்டுடலாம். இவ கத்தரியால அளவா வெட்டியிருக்கா."

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை தனியாகப் போக, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும் என்று விமானக் கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. அது இல்லாவிட்டால் பயணம் இல்லை.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஊரார் துணியையெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள். வெட்டின துண்டைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத அந்தத் தையல்காரப் புத்திதான் இன்று அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"என் கையெழுத்தையே வெட்டிட்டே..." என்றார் கணவர். பார்சல் ஆபீஸில் சரக்கு வாங்கி வைக்கும் மேற்பார்வையாளர் அவர். ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்.

"பதினொரு மணிக்கு நோட்டரி வக்கீல்கிட்ட நேரம் வாங்கியிருக்கேங்க. அங்க வந்து புதுசா ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

"காரணம் சொல்லு. அதுவரைக்கும் பேனாவத் தொடமாட்டேன்."

"என் தம்பி கையெழுத்துன்னா ஆபீஸே எழுந்து நிக்கும்," என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "அதுக்கு இந்த வீட்டுல இதுதான் மரியாதை."

மனைவி காரணத்தைச் சொல்லாததும் அதனால்தான். அக்காவின் முன்னால் அவர் தலை குனிந்துவிடக் கூடாது என்று பதினெட்டு வருஷமாகக் கட்டிக் காத்தவள்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நின்னிருப்பேனேம்மா..." என்று மகள் விசும்பினாள். நாத்தனார் பேசியதெல்லாம் ஒன்றுமில்லை, தாய்க்கு இதுதான் தாங்கவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப் ஒட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு துண்டையும் மேஜையில் சேர்த்து வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, 'தந்தை'ங்கிற கட்டம் காலியா இருக்கு."

"நான் போட்டேனே."

"போட்டிருக்கீங்க. கீழே, 'சேருமிடத்தில் பிள்ளையைப் பெற்றுக்கொள்பவர்'ங்கிற கட்டத்துல. சித்தி பேர் வர வேண்டிய இடம். பக்கத்துல ஸ்டாம்ப் வேற குத்தியிருக்கீங்க."

"என்ன ஸ்டாம்ப்?" என்றாள் நாத்தனார்.

"'சேதமின்றிப் பெறப்பட்டது.'"

கணவரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ரப்பர் ஸ்டாம்ப் அங்கேதான் இருந்தது.

"நேத்து கொண்டுபோய்க் காட்டினப்ப வக்கீல் விழுந்து விழுந்து சிரிச்சாருங்க," என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "இது செல்லாது, வெட்டிப் போட்டுட்டு ரெண்டு பேரும் நேர்ல வாங்கன்னார். அவர் சிரிச்சது போதும், அண்ணி முன்னாடியும் யாரும் உங்களப் பாத்துச் சிரிக்க வேணாம்னுதான்..."

அவர் பெட்டி மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து நாலு பேர் அமுக்கியும் மூடாத பெட்டி மூடிக்கொண்டது.

"பெற்றுக்கொள்பவர்னு எழுத்தப் பாத்தாலே கை தானாப் போயிடுது..." என்றார்.

நாத்தனார் தம்பியின் பையிலிருந்து ஸ்டாம்பைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இத்தன பேச்சு பேசறேன், வாங்கிக் கட்டிட்டு நிக்கறியே. நீயும் ஒரு பொம்பளையா..." என்று திட்டிக்கொண்டே தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிளம்பு, மணி பத்தரையாச்சு. அடுப்ப நான் பாத்துக்கறேன்."

மறுநாள் விமான நிலையத்தில் இன்னொரு படிவம் நீட்டினார்கள். அவர் அதை மூன்று தடவை படித்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. 'ஒப்படைப்பவர்' என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, பேனாவை மனைவியிடம் கொடுத்தார்.

"இதுல உன் கையெழுத்துதான் இருக்கணும்."

அவள் போட்டு முடிப்பதற்குள் மகள் வந்து கட்டிக்கொண்டாள். "மன்னிச்சிடும்மா..." என்று அவள் தோளிலேயே அழுதாள். கையெழுத்தின் வால் கோணலாகப் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மகளின் தலை மறைந்ததும் அவர் அங்கேயே நின்றார். மூக்கு சிவந்திருந்தது.

"திரும்பி வரும்போதும் ஒரு படிவம் உண்டாம்," என்றார் மெதுவாக. "அதுல பெற்றுக்கொள்பவர் கட்டம் இருக்குமாம்."

"அதுல நீங்க போடுங்க," என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அன்னைக்கு அண்ணிகிட்ட சாவி வாங்கி அந்த ஸ்டாம்பையும் எடுத்துட்டு வாங்க."