ஆறாவது மாடியில் மஞ்சள் துணி

கப்பலை விட்டு இறங்கி சிங்கப்பூர் மண்ணில் கால் வைத்ததும் சாமிதுரை கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அக்கா, இங்க மாட்டை எங்க கட்டுவாங்க?"

வேம்புவும் சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது அவர்கள் ஊர். அவர்கள் பார்த்ததிலேயே பெரிய ஊர் அரியலூர். அங்கே ஒரு மாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் கதை பேசியிருக்கிறார்கள். இங்கேயோ, வீட்டின் மேல் வீடு, அதன் மேல் இன்னொரு வீடு என்று கட்டிக்கொண்டே போயிருந்தார்கள். போதும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது!

"அண்ணாந்து பாக்காதடி, கழுத்து சுளுக்கிக்கும்" என்றாள் அம்மா அம்சவள்ளி. சொல்லிவிட்டு அவளும் அண்ணாந்துதான் பார்த்தாள்.

அப்பா செல்லமுத்து அந்தத் துறைமுகத்தில் பல வருடமாக வேலை செய்கிறார். போட்டோவில் இருந்த அப்பாவுக்கு நிறைய முடி இருந்தது. எதிரே வந்தவருக்கோ பாதித் தலை பளபளத்தது. வேம்பு தயங்கி நின்றாள். "ஆயி, வந்துட்டியா!" என்று அவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். அவ்வளவுதான், அப்பாவேதான்!

வேம்பு பிறந்ததிலிருந்து அவரோடு இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கோடை விடுமுறைகூடத் தேறாது. இப்போதுதான் அவருக்கு இங்கே ஒரு வீடு கிடைத்திருந்தது. இனிமேல் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அதை நினைத்தாலே வேம்புவுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

"இந்த ஊர்ல கண்ட இடத்துல எச்சி துப்பக் கூடாது, தெரியுதா?" என்றார் அப்பா.

சாமிதுரை வீடு போய்ச் சேரும் வரை வாயைத் திறக்கவே இல்லை.

வீடு ஆறாவது மாடியில் இருந்தது. மேலே போக லிப்டு வந்து கதவைத் திறந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். "நாலு பக்கமும் இரும்பு. சன்னல்கூட இல்ல. நான் வரல சாமி!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறிவிட்டாள்.

மேலேயிருந்து பார்த்தால் சுற்றிலும் கட்டடங்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை. ஜன்னல்கள்கூட ஒன்று போலவே இருந்தன. எந்தக் கட்டடம் எது என்று கண்டுபிடிக்க மூலையில் எண் எழுதியிருந்தார்கள். ஆனால் அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை.

வந்த மூன்றாம் நாள் அந்தச் சங்கடம் வந்தது. உப்பு வாங்கக் கீழே போன அம்மா திரும்பி வரவில்லை. அப்பா வேலை முடிந்து வரும் வழியில், வேறு ஏதோ கட்டடத்தின் படிக்கட்டில் உப்புப் பொட்டலத்தோடு அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்துக் கூட்டி வந்தார். பாவம், அதற்குள் அவள் மூன்று வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாள்.

"என்னால ஆவாதுங்க" என்று விம்மினாள் அம்மா. "நம்ம முந்திரிக் கொல்லையில கண்ணைக் கட்டி வுட்டாலும் நான் வூடு வந்து சேந்துருவேன். இங்க எனக்குத் தலை கால் புரியல. எங்களை அடுத்த கப்பல்ல அனுப்பி வுட்டுருங்க."

அப்பா உப்புப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் முடியலன்னா டிக்கெட் எடுத்துடறேன்" என்றார்.

வேம்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் போட்டோ அப்பாவா? முடியவே முடியாது!

மறுநாள் அவள் அம்மாவுக்கு எண் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"மூணும் எட்டும் அண்ணன் தம்பி மாதிரில்ல இருக்கு. வுடுடி!"

"நான் உன்கூடவே வரேம்மா."

"நீ பள்ளிக்கூடம் போயிட்டா? உன்னை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுத் திரிய முடியுமா?"

வேம்பு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கொல்லையில் கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துவிடுவாளாமே! ஆனால் அங்கே மட்டும் என்ன? முந்திரி மரங்களும் ஒன்று போலத்தானே இருக்கும்? அம்மாவுக்கு எப்படி அடையாளம் தெரிந்தது?

துணி!

முந்திரிக் காலம் வந்தால், மரங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பழைய சேலையைக் கிழித்துத் தங்கள் மரக் கிளையில் கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். அம்மா தன் துணியைத் தூரத்தில் பார்த்தே நேராகத் தன் மரத்துக்குப் போய்விடுவாள்.

ஊரிலிருந்து பாத்திரங்களைச் சுற்றிக் கொண்டுவந்த ஒரு பழைய மஞ்சள் சேலை மூலையில் கிடந்தது. முந்திரிப் பழக் கறை படிந்த அந்தச் சேலையை வேம்பு எடுத்தாள். டர்ர்ர்!

"அடியே, ஏண்டி என் சேலையைக் கிழிக்கிற?" என்று ஓடி வந்தாள் அம்மா.

"கொல்லைக்கு அடையாளம் கட்டறேம்மா."

சிங்கப்பூரில் எல்லாரும் துணி காயப்போட, சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரில் பதித்த குழாயில் நீளமான மூங்கில் கொம்பைச் செருகி வைப்பார்கள். சுவர் முழுக்கக் கொம்புகள் நீட்டிக்கொண்டு நிற்கும். வேம்பு தங்கள் வீட்டுக் கொம்பின் நுனியில் பாதிச் சேலையைக் கட்டினாள். ஆறாவது மாடிப் படிக்கட்டுக் கம்பியில் ஒரு துண்டைக் கட்டினாள். அப்புறம் அம்மாவைக் கீழே கூட்டிப் போய், கடைத் தெரு முனையில் நிறுத்திக் காட்டினாள்.

"அதோ பாரு, நம்ம மரம்!"

மஞ்சள் துணி காற்றில் படபடத்தது. பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு சீனத்து அக்கா அவர்களை எட்டிப் பார்த்தார். கப்பல் ஏறியதிலிருந்து சிரிக்காத அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடி என் கெட்டிக்காரி!"

சனிக்கிழமை அம்மா கூடையை எடுத்துக்கொண்டாள். "மீன் வாங்கியாரேன். யாரும் கூட வர வேணாம். வந்துட்டேன்னா இந்த ஊரு. வரலன்னா கப்பல்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் வானம் இருண்டது. பொலபொலவென்று மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு கை நீண்டு கொம்பை உள்ளே இழுத்தது. ஊரில் மழை வந்தால் காயப்போட்டதை அள்ள ஓடிப் பழகியவள் அல்லவா, வேம்புவும் ஓடிப் போய்க் கொம்பை உள்ளே இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நம்ம துணி?" என்றான் சாமிதுரை.

அய்யய்யோ! கீழே அம்மா வந்து நின்று பார்ப்பாளே! வெறும் சுவர்தானே தெரியும்?

வேம்பு கொம்பில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் சட்டைகளை உருவித் தரையில் போட்டாள். மஞ்சள் துணியை மட்டும் விட்டாள். சாமிதுரை ஒரு பக்கம் பிடிக்க, கொம்பைத் திரும்ப வெளியே தள்ளிக் குழாயில் செருகினாள். காற்று அதைப் போட்டு ஆட்டியது. இருவரும் தொங்காத குறையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா தன் ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ கத்தினார். உள்ளே இழு, உள்ளே இழு என்று கையைக் கையை ஆட்டினார். வேம்பு தலையை ஆட்டி மறுத்தாள். கீழே விரலைக் காட்டினாள்.

"அம்மா! அம்மா!"

அந்த அக்கா கீழே பார்த்தார். துணியைப் பார்த்தார். சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று வேம்பு நினைத்தாள். அதற்குள் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. சாமிதுரை ஓடிப் போய்த் திறந்தான். உள்ளே வந்த அந்த அக்கா வேம்புவுக்குப் பக்கத்தில் நின்று கொம்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இப்போது கொம்பு அசையவில்லை.

மழை கொட்டியது. மூன்று பேரும் நனைந்து ஊறிப் போனார்கள். யாரும் கையை விடவில்லை.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்து, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

"வேம்பு! எல்லாக் கொம்பும் உள்ள போயிருச்சுடி. நம்ம கொம்பு ஒண்ணுதான் தனியா நின்னுச்சு. தெருக்கோடியிலேயே தெரிஞ்சிருச்சு. மழை வந்ததுகூட நல்லதாப் போச்சு!"

"அம்மா ஜெயிச்சிருச்சு!" என்று சாமிதுரை குதித்தான். வேம்பு ஓடிப் போய் அம்மாவின் ஈரச் சேலையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த அக்கா ஒரு வார்த்தையும் புரியாமல் கை தட்டினார்.

அன்று மாலை அப்பா கதவைத் திறக்கும்போதே மீன் குழம்பு மணத்தது. அடுப்பங்கரையிலிருந்து அம்மா கேட்டாள்:

"ஏங்க, டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லியே" என்றார் அப்பா மெதுவாக.

"எடுக்காதீங்க. கை கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்."

அப்பா கை கழுவப் போனார். முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு, வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அம்மா இன்றைக்கும் படியில்தான் இறங்கினாள். அதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. கீழே வந்து எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆறாவது மாடியில் மஞ்சள் துணி காய்ந்து பளிச்சென்று ஆடியது. பக்கத்து ஜன்னல் கொம்பில் புதிதாக ஒரு சிவப்புத் துணி. இரண்டு மாடிக்கு மேலே, யார் வீடோ, ஒரு நீலத் துணி!

சாமிதுரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தான்.

"பாத்தியாக்கா, இதுவும் கொல்லையாயிருச்சு. இனிமே ஒரு மாடு வாங்கிட்டா போதும்!"