சுபிக்ஷாவின் வரிப்பெட்டி

மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வரிப்பெட்டியின் முன் போய் நின்று, அன்றைக்குக் காப்பாற்ற வேண்டிய ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டு வருவார்கள். ஆளுக்கு ஏழு விநாடி. சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் கோபிசெட்டிபாளையம் முழுக்க இந்த வேலை முடிந்து, மறுபடி தட்டுச் சத்தமும் சண்டையும் ஆரம்பமாகும்.

சட்டத்தில் இதற்கு 'நினைவுப் பங்கீடு' என்று பெயர். ஜனங்கள் ரேஷன் என்பார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மனிதர்கள் தின்ற தோசையைக்கூடப் படம் பிடித்துச் சேமித்தார்கள். அதையெல்லாம் வைத்திருந்த தரவுக்கூடங்களைக் குளிர்விக்க ஆறு ஆறாகத் தண்ணீர் போனது. பெருவெயில் ஆண்டுகளில், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா படங்கள் வேண்டுமா என்ற கேள்வி வந்தது. படங்கள் போயின. இப்போது வீட்டில் எதைப் பதிவு செய்தாலும் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். தங்குவது அந்த ஒரு வரி மட்டும். நூலகங்களுக்கு விலக்கு உண்டு. புத்தகங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

இந்தக் கடைசி விஷயத்தை நான் முப்பது வருடங்களுக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எங்கே யோசித்தேன்? நான் பாடநூல் அலுவலகத்தில் பிழை திருத்துபவன். நாள் முழுக்க வாசிப்பு, அதில் எது கண்ணில் பட்டாலும் மாலையில் பெட்டிக்குள். தத்துவம், வரலாறு, வானியல் என்று வகை வகையாகச் சேர்த்தேன். தெருவில் கல்யாணம் என்றால் வாழ்த்துரைக்கு ஒரு நல்ல வரி கேட்டு என்னிடம்தான் வருவார்கள். 'தருண் சார் பெட்டி மாதிரி வராது' என்று யாராவது சொன்னால் அன்றைக்கு எனக்கு இன்னொரு தோசை உள்ளே போகும்.

பெட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாமே சொன்னதை நாமே வைக்க முடியாது. வீட்டுப் பேச்சு முழுவதும் அதன் காதில் விழுவதால் ஏமாற்றவும் முடியாது. 'இது உங்கள் சொல்' என்று திருப்பி அனுப்பிவிடும். தற்பெருமைக்காரர்களைத் தடுக்கத்தான் அப்படி ஒரு விதி என்று அரசு சொன்னது. நல்ல விதி என்று நானும் தலையாட்டினேன்.

என் மனைவி சுபிக்ஷா வாயாடி. அவள் சொல்வதில் பாதி கேலி, மீதி அதற்கு விளக்கம். மகள் ஆதிரையின் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் ஏதோ சொன்னாள். ஆதிரைக்குப் புரையேறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு மணிக்குப் பெட்டியின் முன் நான் நின்றபோது, சுபிக்ஷா பின்னால் வந்து கேட்டாள்.

"ஏனுங்க, நாஞ் சொன்னத வெக்கலீங்களா?"

"அதெல்லாம் ஒரு வரியா சுபி?"

"அதுஞ் சரிதான்" என்று சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். நான் அணைகளைப் பற்றிய ஒரு நூலிலிருந்து வைத்தேன்: 'ஆறு தன் வரலாற்றைக் கரைகளில் எழுதுகிறது.' அந்த வரி இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு நினைவில்லை.

போன மாதம் சுபிக்ஷா இறந்துவிட்டாள். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

இறந்தவரின் பெட்டி நாற்பத்தொன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு அழிக்கப்படும் என்று வரிக்காப்பகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. வாழ்க்கைத் துணைக்கு மட்டும் அதைத் தன் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் இடத்துக்கு இடம். அவளுடைய ஒரு வரி உள்ளே வந்தால் என்னுடைய ஒரு வரி வெளியே போக வேண்டும். மாதிரிக்கு மூன்று வரிகள் கேட்கலாம்.

ஒருவர் பெட்டியை மற்றவர் திறக்க முடியாது என்பதால், அவள் என்ன வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தொடர் நாடக வசனமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு நூறு வரியை மாற்றிக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டு, என் பெட்டியில் சுமாரான நூறைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள். ஆதிரை ஈரோட்டிலிருந்து வந்திருந்தாள்.

"அப்பா, ஆறே முக்கால் ஆச்சுங்க. கேக்கறீங்களா, இல்லீங்களா?"

பொத்தானைத் தொட்டேன். சுபிக்ஷாவின் குரல் வந்தது. இளமையான, களைத்த குரல். பெட்டியில் தெரிந்தது ஆதிரை பிறந்த நாளின் தேதி.

"'கொழந்தை என்னைப் பாத்து மொறைக்குது. அதுக்குள்ள என்ன சொல்லிக் குடுத்தே?'"

சொல்லி முடித்ததும் அவள் சிரிப்பது கேட்டது. ஏழாவது விநாடியில் பெட்டி அந்தச் சிரிப்பைப் பாதியில் வெட்டிவிட்டது. நான் சொன்ன வார்த்தை அது. எனக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டாவது: "'நான் தூங்கல. கண்ண மூடிட்டுப் படிச்சிட்டு இருந்தேன்.'" மறுபடி சிரிப்பு, மறுபடி வெட்டு.

மூன்றாவது: "'ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லல. கடல் ரொம்பத் தூரத்துல இருக்குதுன்னுதான் சொன்னேன்.'"

ஆதிரை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எல்லாத்தையும் மாத்திடு சாமி."

"எல்லாமேங்களாப்பா? முப்பது வருசம் சேத்ததுங்க."

"அதெல்லாம் லைப்ரரில இருக்குது. நாளைக்குப் போனாலும் இருக்கும்."

பெட்டி என் சம்மதத்தைக் கேட்டது. "விடுகிறேன்" என்றேன். தத்துவமும் வானியலும் ஒரு நொடியில் போயின. ஆறும் கரையும் போயின. எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

வருத்தம் மறுநாள் வந்தது. காலையிலிருந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் வழி தவறியபோது சொன்னது, ஆணி அடிக்கத் தெரியாமல் சுவரைத் திட்டியது, மழலையில் ஆதிரை நிலாவுக்கு டாட்டா சொன்னது, எல்லாம் இருந்தன. அவள் சொன்னது ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? தன் சொல்லைத் தானே வைக்கப் பெட்டி விடாதே. அவள் சொன்னதை நான்தான் வைத்திருக்க வேண்டும். அவள் பெட்டி நிறைய நான் இருக்கிறேன். என் பெட்டியில் அவள் ஒரு நாள்கூட இருந்ததில்லை. வெட்கத்தில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் ஆதிரையிடம் கேட்டேன். "அம்மா சொன்னது உங்கிட்ட ஏதாவது இருக்குதா கண்ணு?"

"முன்னூறு நானூறு இருக்குமுங்கப்பா. ஆனா எங்குரல்லதான் இருக்கும்."

"அந்தப் பத்தாவது ரிசல்ட் அன்னைக்கு?"

"அன்னைக்கு டீச்சர் என்னைப் பாராட்டினத வெச்சுட்டனுங்கப்பா. அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கும் ஞாபகமில்லீங்க. நாம சிரிச்சதுதான் ஞாபகமிருக்குது."

ஆக, அது போயே போய்விட்டது. உலகத்தில் எந்த நூலகத்திலும் இல்லை.

ஏழு மணிக்குச் சற்று முன் சாப்பிட உட்கார்ந்தோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆதிரை கரண்டியோடு நின்று, அவள் அம்மா மாதிரியே புருவத்தைத் தூக்கினாள்.

"ரசம் ஊத்தட்டுங்களா? இல்ல, கடல் இன்னும் தூரமாவே இருக்குதுங்களா?"

பெட்டி மணியடித்தது. எச்சில் கையோடு எழுந்து போய் அதன் முன்னால் நின்றேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கையில் புத்தகம் இல்லை. ஆதிரை சொன்னதை அப்படியே சொன்னேன். ஐந்தாவது விநாடியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. ஏழாவதில் பெட்டி அதைப் பாதியில் வெட்டியது.