குளியலறையில் ஜின்

ஹோசியா பிக்கெட் அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் டெல்ஃபின் அவரை நம்பவே கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

டெல்ஃபினுக்குப் பத்து வயது. ஹார்லெமில் 137ஆம் தெருவில், மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. வாசலை ஒட்டிய அறை அப்பாவுடையது. போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து அப்பா இறந்துபோனார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து பெண்களுக்கு முடி திருத்துவாள். அந்த வருமானம் போதாததால் அறையை வாடகைக்கு விட்டாள்.

பிக்கெட் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வந்தவர். அவருடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. விடிவதற்கு முன்பே ரொட்டிக் கூடத்துக்கு வேலைக்குப் போய், பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்புவார். வந்ததும் நீளமான ஒரு துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளியலறைக்குள் நுழைவார். தாழ்ப்பாள் விழும். கதவின் கீழ் இடுக்கை உள்ளேயிருந்து ஒரு துண்டு அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்கும்.

வ்வா... வ்வா... குளுக்.

"டெல்ஃபின்! கதவுல காதை வெச்சுக்கிட்டு என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

"காது அரிக்குதும்மா. தேய்ச்சுக்கறேன்."

"உனக்குக் கை இல்லையா?"

டெல்ஃபின் விலகி நின்றாள். ஆனால் சந்தேகம் விலகவில்லை. 1920களின் அந்த வருஷங்களில் நாடு முழுக்க மது காய்ச்சுவதும் விற்பதும் குற்றம். சிலர் வீட்டுக் குளியல் தொட்டியிலேயே ஜின் என்ற சாராயத்தைத் திருட்டுத்தனமாகக் கலக்கினார்கள். அவள் வகுப்பில் இது தெரியாத பிள்ளையே கிடையாது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டைப்பயறும் சோள ரொட்டியும். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று அம்மா கேட்டாள்:

"ஊர்ல என்ன வேலை பார்த்தீங்க, மிஸ்டர் பிக்கெட்?"

"பன்னண்டு வருஷம் ஜின்லதான் கிடந்தேங்கம்மா. எங்கப்பாவும் அதுலதான். கடைசியில என் ரெண்டு விரலையும் அது வாங்கிடுச்சு. போதும்டா சாமின்னு ரயிலேறிட்டேன்."

அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. டெல்ஃபினின் வாயில் இருந்த பயறு மெல்லப்படாமலேயே உள்ளே போனது.

மறுநாள் காலை மாடிப்படியில், மேல்மாடியில் குடியிருக்கும் கிட்டன்ஸ் ஆன்ட்டி எதிரே வந்தார். பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர். சர்ச்சுக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புகிறவர். அம்மா முடியைக் காதுவரை வெட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டின்மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருந்தார்.

"என்னடி, உங்க வீட்டுக் குளியலறையில பூனை ஏதும் தண்ணியில விழுந்துடுச்சா? சத்தம் எங்க மாடிவரைக்கும் கேக்குதே?"

டெல்ஃபின் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஒரு ரகசியத்தை ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்ததே அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

"ஆன்ட்டி, அவர் பன்னண்டு வருஷமா ஜின்லயே இருந்தவராம். அவங்கப்பாவும் அதேதானாம். அவரே சொன்னார்."

கிட்டன்ஸ் ஆன்ட்டி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பரம்பரைத் தொழிலா!"

அன்று மாலை அவர் அடுப்படிக்கு வந்தபோது டெல்ஃபின் பக்கத்து அறையில் இருந்தாள்.

"ஐரீன், போலீஸ் வந்தா அந்த ஆளை மட்டுமா பிடிப்பாங்க? உன்னையும் உன் பொண்ணையும் தெருவுல நிறுத்திடுவாங்க. சனிக்கிழமைக்குள்ள அவரை அனுப்பிடு. இல்லேன்னா கட்டடக்காரர்கிட்ட நானே சொல்லிடுவேன்."

அம்மா சீப்பை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை டெல்ஃபின் பள்ளியிலிருந்து வந்தபோது பிக்கெட்டின் அறை திறந்திருந்தது. அவர் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா, பாப்பா. உங்க சொந்தக்காரங்க யாரோ வர்றாங்களாமே? அம்மா சொன்னாங்க. அறை வேணுமாம்."

அப்படி யாரும் வரவில்லை என்று டெல்ஃபினுக்குத் தெரியும்.

"நீங்க எங்க போவீங்க?"

"அதான் தெரியல. ரெண்டு வீட்டுல கேட்டேன், இடமில்லைன்னுட்டாங்க. அடுத்த வாரம் என் பொண்ணு எங்க ஊர்லேர்ந்து வர்றா. எட்டு வயசு. தனியா வர்றா."

டெல்ஃபினின் அப்பாவுடைய போர்வையை அவர் நான்காக மடித்து, மூன்று விரல்களால் சுருக்கத்தை நீவிவிட்டார். சுவரில் இருந்த ஒரே கொக்கியில் அப்பாவின் தொப்பி அப்படியே தொங்கியது. பிக்கெட்டின் கோட்டு இத்தனை நாளும் கதவில் ஓர் ஆணியில்தான் கிடந்திருக்கிறது. அதை அவள் இப்போதுதான் கவனித்தாள். அப்பாவின் கட்டிலில் வேறு ஒருவர் படுப்பது பிடிக்காமல், மற்றதையெல்லாம் பார்க்காமலே விட்டிருக்கிறாள்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குடித்தால் புத்தி போகும், வேலை போகும் என்று சர்ச்சில் சொல்வார்கள். விரல் போகும் என்று யாரும் சொன்னதில்லையே!

"மிஸ்டர் பிக்கெட், ஜின் எப்படி விரலை எடுக்கும்?"

"பல்லாலதான்."

"ஜினுக்குப் பல்லு இருக்கா?"

"ஒண்ணா ரெண்டா? எழுபது எண்பது ரம்பம் வரிசையாச் சுத்தும், ஒவ்வொண்ணுலயும் பல்லு. பஞ்சு மாட்டிக்கிச்சேன்னு கையை விட்டேன். அது பஞ்சுக்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்க்கல."

"பஞ்சா?"

"பின்னே? பஞ்சுலேர்ந்து கொட்டையைப் பிரிக்கிற மெஷின் பாப்பா அது! எங்க ஊர்ல ஜின்னுன்னா அதான். நீ வேற என்னன்னு..."

அவர் நிறுத்தினார். டெல்ஃபினின் முகத்தைப் பார்த்தார். குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருமளவு சிரித்தார்.

டெல்ஃபின் சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னேன். கிட்டன்ஸ் ஆன்ட்டிகிட்ட. அதனாலதான் உங்களைப் போகச் சொல்றாங்க. சொந்தக்காரங்க யாரும் வரல."

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. "அப்படியா சங்கதி" என்றார்.

"அப்போ குளியலறையில என்ன பண்றீங்க?"

அவர் துணிமூட்டையைப் பிரித்தார். உள்ளே பித்தளையில் நீண்ட ஊதுகுழல் ஒன்று பளபளத்தது. டிராம்போன்.

"முன்னே கிட்டார் வாசிப்பேன். இப்ப அதுக்கு விரல் பத்தாது. இதுக்கு இழுக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை. வந்த அன்னிக்கே மேல்மாடி அம்மா படியில நிறுத்தி, இந்தக் கட்டடத்துல ஜாஸும் கீஸும் கூடாதுன்னுட்டாங்க. அதான் ஒளிஞ்சுக்கிட்டு ஊதறேன். நாளைக்குச் சாயந்திரம் ஒரு வாத்தியக் குழுவுல சேர வாசிச்சுக் காட்டணும்."

டெல்ஃபின் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

"ஆன்ட்டி! ஜின் பார்க்க வாங்க!"

கிட்டன்ஸ் ஆன்ட்டி குடையைத் தடிபோலப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அடுப்படியிலிருந்து அம்மாவும் வந்தாள். டெல்ஃபின் நடுவில் நின்று விரல், பல், பஞ்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"இந்தக் கட்டடத்துல பருத்திச் செடியைப் பார்த்த ஆளே கிடையாது. யாராவது என்னன்னு கேட்டோமா?" என்றாள் அம்மா. பிறகு பிக்கெட்டைப் பார்க்க முடியாமல், "பெட்டியைப் பிரிச்சிடுங்க. உங்க பொண்ணு டெல்ஃபினோட படுத்துக்கலாம்" என்றாள்.

கிட்டன்ஸ் ஆன்ட்டிக்கு மட்டும் திருப்தி இல்லை. "அந்தக் குளுக் சத்தம்? அதுக்கு என்ன சொல்றீங்க?"

பிக்கெட் தயங்கித் தயங்கி மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். சாக்கடை அடைப்பை எடுக்கும் ரப்பர்க் கிண்ணம். அதைக் குழலின் வாயில் மூடி மூடித் திறந்து, சர்ச்சில் எல்லாரும் பாடும் பாட்டு ஒன்றை வாசித்தார். குழல் மனுஷக் குரலில் கெஞ்சியது. கொஞ்சம் அழுதது. முடிவில் குறும்பாக ஒரு சிரிப்புச் சிரித்தது.

குடையின் நுனி தரையில் தாளம் போட்டது. எல்லாரும் பார்ப்பதைக் கண்டதும் அது சட்டென்று நின்றது.

"நாளைக்கு எங்க வாசிக்கப் போறீங்க?" என்று கேட்டார் ஆன்ட்டி, கண்ணைச் சுருக்கி.

"ஒரு... நடனக் கூடத்துலங்கம்மா."

"அதானே பார்த்தேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "அப்படின்னா ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுல வந்து வாசிங்க. அந்தப் பாவத்துக்கு இது சரியாப் போயிடும். ஆனா அந்தச் சாக்கடை ரப்பரைப் புதுசா வாங்கிக்கிட்டு வாங்க."