மரியநாயகத்தின் நடை

பலெர்மோ துறைமுகத்தில் இறங்கிய பயணிகள் எல்லோரும் முதலில் செருப்புக் கடைக்குத்தான் போனார்கள். தடச்செருப்பு இல்லாமல் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்க்க இப்போதெல்லாம் யாருக்கும் மனம் வருவதில்லை. கல்லில் விழும் ஒவ்வொரு காலடியும் கல்லின் உள்ளே ஒரு சிறு நெரிவை விட்டுச் செல்கிறது, அது நாற்பது வருடம் அழியாது என்று கண்டுபிடித்ததோடு வந்த வினை இது. கைரேகைபோல ஒவ்வொருவருக்கும் ஒரு நடைரேகை உண்டு. அதைச் செருப்பில் ஏற்றிவிட்டு, அந்த ஆள் மிதித்த இடத்தில் அதே சாய்வில், அதே பாரத்தில் கால் வைத்தால் உள்ளங்காலில் அதிர்வு வரும். தடம் புதிதென்றால் சுள்ளென்று அடிக்கும். பழையதென்றால் ஈ ஊர்வதுபோல இருக்கும். புதுமணத் தம்பதிகள் தாய் தகப்பன் தேனிலவுக்கு வந்த வழியே நடந்தார்கள். இசைப் பைத்தியங்கள் செத்துப்போன பாடகிகளின் பின்னால் நடந்தார்கள்.

யூஜினி ஒரு கொலைகாரனின் பின்னால் நடக்க வந்திருந்தாள்.

கடைக்காரி டெல்சி இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண். செருப்பைக் கொடுக்கும்போது, "அக்கா, ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல போடாதேங்கோ. கால் பழகிப்போடும்," என்றாள்.

"பழகட்டும்," என்றாள் யூஜினி.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் லிபியாவிலிருந்து கிளம்பிய ஒரு படகில் அவளுடைய தம்பி ரெஜினோல்ட் இருந்தான். தண்ணீர் ஏறத் தொடங்கியதும், காசு வாங்கி ஆட்களைக் கடல் கடத்தும் ஏஜென்ட் கீழ்த்தட்டின் மூடியை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, இருந்த ஒரே மிதவையில் தப்பிப் போனான். உள்ளே ரெஜினோல்டோடு இருபத்துமூன்று பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. ஏஜென்டின் பெயர் பொய், பாஸ்போர்ட் பொய். அவன் யாழ்ப்பாணத்துக் குருநகர் மரியநாயகம் என்பதைக் கண்டுபிடிக்க யூஜினிக்கு இத்தனை காலம் ஆனது. ஒரு பழைய கல்யாண வீடியோவில் அவன் கோயிலுக்குள் நடந்து வருகிறான். வலது பாதம் வெளியே திரும்பும், இடது குதிகால் தரையில் உரசும். அந்தப் பன்னிரண்டு அடிகளிலிருந்து நடைரேகை எடுத்தாள்.

அவன் அன்று கரையேறிய இந்தத் துறைமுகத்திலிருந்து தடம் தெளிவாகப் போனது. சிற்பங்கள் நிறைந்த நாற்சந்தி, பெரிய தேவாலயம், பிறகு முருங்கைக்காயும் வாள்மீனும் அருகருகே விற்கும் பல்லாரோ சந்தை. ஒரு கட்டடத்தையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்த தலையோடு, வலது பாதத்தை வெளியே திருப்பி, இடது குதிகாலை உரசி, காலை மணியிலிருந்து மாலை மணி வரை நடந்தாள். சந்தை நடுவில் தடம் அறுந்தது. ஒளிந்து வாழ்பவர்களின் வழக்கமான தந்திரம்தான். சப்பாத்துக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டால் நடை மாறிவிடும்.

ஆறு நாள் அந்தச் சந்தையையே சுற்றினாள். ஏழாம் நாள் மீன் கடையில் இரண்டு தமிழ்ப் பெண்கள், மலைமேல் இருக்கும் ஊர்க்காவல் புனிதை சாந்த ரொசாலியாவின் கோயிலுக்கு நேர்த்திவைத்து வெறுங்காலோடு மலையேறிய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். யூஜினிக்குச் சிரிப்பு வந்தது. போலீசை ஏமாற்றுவான், கடலை ஏமாற்றுவான், புனிதையை ஏமாற்றத் துணிவானா? நம் ஆள் அல்லவா. வெறுங்காலுக்குள் கூழாங்கல்லை எங்கே ஒளிப்பது?

மலைப்பாதையின் முதல் கல்லிலேயே தடம் கிடைத்தது. வருடா வருடம் ஏறியிருக்கிறான், பாவி. அந்த இடத்திலேயே நின்று, மற்ற இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் நடைரேகையைத் தன் பெயர் போடாமல் அனுப்பினாள். கூடவே எழுதினாள்: "படகை விட்டிட்டு ஓடின ஏஜென்டின்ர நடை இது. ஆள் பலெர்மோவில. இந்தக் காலத்தில முகம், குரல், ஆண் பெண் எல்லாம் மாத்தலாம். முகத்தை நம்பாதேங்கோ. நடையை மட்டும் நம்புங்கோ." அனுப்பியபோது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இருபத்திரண்டு பேர் துரத்த, அவன் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் சாக வேண்டும்.

ஏறிய தடங்களையும் இறங்கிய தடங்களையும் பிரித்தறிய இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. ஈ ஊர்வதுபோன்ற அதிர்வு அவளை மலையடிவாரத்தில் ஒரு சந்துக்குள் கொண்டுபோய், பச்சைக் கதவொன்றின் முன் நிறுத்தியது. நேர்த்தி முடிந்தும் வீட்டு வாசல்வரை செருப்புப் போடாத பக்தி அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு கிழவன். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் இல்லை.

"சந்து முனையிலயே கேட்டது," என்றான். "என்ர நடை. சீனி வருத்தத்தில காலை எடுத்து நாலு வருஷம். ஆர் பிள்ளை நீர்?"

"ரெஜினோல்டின்ர அக்கா."

"எந்த ரெஜினோல்ட்?"

அவள் கை அவன் கழுத்துவரை போனது. எலும்பும் தோலுமான கழுத்து. இவனைக் கொல்வது ஒரு வேலையே இல்லை என்று தோன்றியதும் கையை எடுத்தாள். பெயர்கூட ஞாபகம் இல்லாதவனுக்குத் தான் எதற்காகச் சாகிறோம் என்று எப்படித் தெரியும்? மற்றவர்களும் வரட்டும், இருபத்துமூன்று பெயரையும் இவன் காதில் சொல்லிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று வெளியே வந்து தொலைபேசியை எடுத்தாள்.

செய்தி ஒன்று காத்திருந்தது. நேப்பிள்ஸிலிருந்து மூன்று சகோதரர்கள், தகப்பனை அந்தப் படகில் இழந்தவர்கள், எல்லாக் குடும்பங்களுக்கும் எழுதியிருந்தார்கள். "நேற்று வந்தம். சந்தையில பிடிச்சிட்டம். புதுத் தடம், சுள்ளெண்டு அடிக்குது. இண்டைக்கு மலையடிப் பக்கம் போயிருக்கு. இனிக் கதை இல்லை."

இந்த நாலு வருடத்தில் அந்த நடையை நடந்த ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அழைத்துப் பார்த்தாள். தொலைபேசியை அணைத்திருந்தார்கள். திரும்பிக் கதவைப் பிடித்தாள். உள்ளே சக்கரம் உருளும் சத்தம், பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"திற," என்று கதவில் அடித்தாள். "வந்து சொல்லு, நீதான் எண்டு சொல்லு."

பூட்டிவிட்டுத் தப்புவது அவனுக்குப் பழகிய வேலைதான்.

சந்து முனையில் மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் தலை குனிந்திருந்தது. மூவரின் வலது பாதமும் வெளியே திரும்பியது, இடது குதிகால் உரசியது.

"நான் ரெஜினோல்டின்ர அக்கா," என்றாள் யூஜினி. "அவன் உள்ளுக்குள்ள இருக்கிறான். உங்களுக்கு அதை அனுப்பினதே நான்தான்."

மூத்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த இரும்புக் குழாயால் அவள் கால்களைச் சுட்டினான்.

"நடந்து காட்டு," என்றான்.

யூஜினி பாதங்களை நேராக வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்து, தன்னுடைய பழைய நடை எப்படி இருந்தது என்று யோசித்தாள். பிறகு ஓர் அடி வைத்தாள். இடது குதிகால் கல்லில் உரசியது.