பதினோராவது நிமிடம்

ஆஸ்டின் டவுனில் சீனிவாசராகவன் வீட்டுக்கு ஞாயிறு நாலு மணிக்கு இசை கேட்க வருகிறவர்கள் வாசலில் செருப்பையும், உள்ளே மொபைலையும், கூடத்தில் இருமலையும் விட்டுவிட வேண்டும். ஓய்வுபெற்ற அரசுச் செயலாளர். முப்பது வருடம் கோப்புகளைச் சத்தமில்லாமல் வைத்திருந்தவர், இப்போது சங்கீதத்தையும் அப்படியே வைத்திருந்தார்.

ரகு ஒரு மாதம் கழித்து வந்திருந்தான். அவனை இங்கே பழக்கிவிட்டது ஆபீஸ் மேனேஜர் அசோகன். அசோகனை இங்கே பிடித்து வைத்தது, இசைத்தட்டின் உறையில் இருந்த 'முந்நூறு பிரதிகள் மட்டும்' என்ற வரி.

தட்டில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நால்வரும் ஒரு சுரம் வாசித்துவிட்டு, வாசித்ததற்கு வருந்துகிறவர்களைப் போல வெகுநேரம் சும்மா இருப்பார்கள்.

"ஆயித்தா? எல்லாரும் மொபைல கூடைல போட்டாச்சா?" என்றார் சீனிவாசராகவன். "ரூல் தெரியுமோல்லியோ. தட்டுலேர்ந்து ஊசி எடுக்கற வரைக்கும் கண்ணைத் திறக்கப்படாது. இன்னிக்கு நிருபமா ஞாபகார்த்தமா."

நிருபமா அவர் மனைவி. போன மாதம் இதே கூடத்தில், இதே தட்டு சுழலும்போதுதான் இறந்தாள். மாரடைப்பு.

அன்று அவள் ரகுவுக்கு இடப்பக்கம், கடைசி நாற்காலியில் இருந்தாள். பதினோராவது நிமிடம் அவன் இடது சட்டைக்கையை மூன்று முறை இழுத்தாள். இசையில் கரைந்துபோய் இழுக்கிறாள் என்று நினைத்தான். கண்ணைத் திறக்கவில்லை. ஊசி எடுத்ததும் அசோகன், "நடுவுல அந்த மூச்சு சத்தம் இருக்கே சார், என்னா ரெக்கார்டிங்!" என்றார்.

அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள். அவள் கணவரின் காலடியில் கிடந்தாள். கடைசி நாற்காலியிலிருந்து முதல் நாற்காலி வரை எப்படிப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல கனமான கம்பளம். சத்தம் வராது.

ரகு யாரிடமும் சொல்லவில்லை. அழுகை வரவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. இடது கை மட்டும் தோள்வரை மரத்துக் கிடந்தது. இன்னொரு தடவை இழுத்தால் கண்ணைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். அதற்காகத்தான் வந்தான்.

"அந்தச் சேர்ல பேக் வைக்காதீங்க ரகு," என்றாள் காலேஜ் லெக்சரர் பிரிஸில்லா, அவன் வலப்பக்கத்திலிருந்து. "காலியாவே இருக்கட்டும்."

திரைகளை இழுத்துவிட்டார்கள். ஃபேன் நின்றது. சூடேறும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து தூசி கருகும் வாசனை.

ஒரு சுரம். மௌனம். ஒரு சுரம். மௌனம்.

பதினோராவது நிமிடத்தில் செல்லோ மட்டும் தனியாக ஒருமுறை முனகும். முனகியது.

பிறகு ஒரு மூச்சு.

தண்ணீருக்கடியில் சிக்கிக்கொண்டவளின் மூச்சு.

சட்டைக்கை இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

ரகு கண்ணைத் திறந்தான்.

பக்கத்து நாற்காலி காலி. அவன் சட்டைக்கை மட்டும் காற்றில் விறைத்து நீண்டிருந்தது. பிறகு தொய்ந்து விழுந்தது.

கம்பளத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. முழங்கால் அகலம். அதற்கடுத்து இன்னொன்று.

பிரிஸில்லாவின் குர்த்திக் கை நீண்டது. மூன்று முறை. அவள் இமைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அசோகனின் கை. மூன்று முறை. அவர் ரசிப்பதுபோல் தலையை ஆட்டினார்.

அன்றைக்கும் நிருபமா எல்லாரிடமும் போயிருக்கிறாள்.

கடைசியாக, சீனிவாசராகவனின் பட்டு ஜிப்பா.

ரகு கத்துவதற்கு வாயைத் திறந்தான். சீனிவாசராகவனின் ஒரு கண் திறந்திருந்தது. அது அவனையே பார்த்தது. இழுபடாத கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"ஷ்ஷ்... இன்னும் ஏழு நிமிஷம்."

ரகு வாயை மூடிக்கொண்டான். பிறகு கண்ணையும்.

ஊசி எடுத்தார்கள். பிரிஸில்லா கைமடிப்பை நீவிவிட்டுக்கொண்டே, "போன மாசத்தைவிட இன்னிக்கு சைலன்ஸ் ரொம்ப டீப் சார்," என்றாள்.

"முந்நூறுல ஒண்ணு. சும்மாவா?" என்றார் அசோகன்.

ரகு வீட்டுக்கு வந்தபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான்.

சட்டையின் வலது கை தொங்கியது.

இடது கை தொங்கவில்லை. அவன் நின்ற பக்கமாக நேரே நீண்டிருந்தது. கொக்கி மூன்று முறை ஆடியது.

ரகு கண்ணை மூடிக்கொண்டு, ஊசி எடுக்கட்டும் என்று காத்திருந்தான்.