மூக்குப் பரீட்சை

எங்கள் வேன் நீலமா பச்சையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. தம்பி பச்சை என்று அடித்துச் சொல்கிறான். அவனுக்கு அப்போது ஆறு வயது, அக்கா எனக்குப் பத்து. அதனால் என்னைத்தான் நம்ப வேண்டும். ஆனால் எனக்கே என் மேல் கொஞ்சம் சந்தேகம்தான். யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதில் தப்பு இருக்கலாம். அடுப்பு விஷயத்தில் மட்டும் தப்பு இருக்காது.

அம்மா பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிப்பவர். ஒரு வருடம் ஊர் ஊராகப் போய்ச் சோதிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. வேனிலேயே குடியிருக்கலாம் என்று முடிவானது. தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரராக இருந்த அப்பா, அந்த வேலையை விட்டுவிட்டு வேனுக்குள் மரவேலை பார்க்க ஆரம்பித்தார். கட்டில்கள், அலமாரி, எங்கள் பாடப் புத்தகங்களுக்கு ஒரு பெட்டி. பின்கதவைத் திறந்தால் வெளியே இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு பலகை. அதன் மேல்தான் சமையல்.

பலகை தயார். அடுப்புதான் இல்லை. நாலு பேரும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டே கடை வாசலில் மூன்று அடுப்புகளை எடுத்து வைத்தார். நல்ல வெயில்.

"இது பம்ப் அடுப்பு. மண்ணெண்ணெய். அடிச்சு அடிச்சு ஏத்தணும்" என்று பம்பை அடித்துப் பற்ற வைத்தார். அது விமானம் கிளம்புவது போலச் சீறியது. தம்பி காதைப் பொத்திக்கொண்டான்.

"இதை ஏத்தி முடிக்கிறதுக்குள்ள பசியே போயிடும்" என்றார் அப்பா.

"அப்போ இது. ஸ்பிரிட் அடுப்பு. சத்தமே போடாது. ரொம்பச் சாது."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "இதுதான் வேணும்."

"எங்க எரியுது? எரியவே இல்லையே!" என்று தம்பி கையை நீட்டினான். கடைக்காரர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"டேய் ராஜா! வெயில்ல இதோட தீ கண்ணுக்குத் தெரியாதுடா!"

ஓர் அட்டையால் நிழல் பிடித்துக் காட்டினார். மெல்லிய நீலத் தீ உள்ளே ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா தம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கண்ணுக்கே தெரியாத தீயா? என் தொழிலுக்கே அவமானம். வேண்டவே வேண்டாம்."

மூன்றாவது கேஸ் அடுப்பு. தட்டையாக, ஒரு பெட்டிக்குள் அடங்கியது. கடைக்காரர் கேஸ் டப்பாவைப் பொருத்தித் திருகினார். டக். உடனே எரிந்தது.

"டப்பா சின்ன ஊர்லகூடக் கிடைக்கும். கசியுமோன்னு பயப்படாதீங்க. அதுக்குன்னே ஒரு நாத்தத்தைச் சேர்த்திருப்பாங்க. துளி கசிஞ்சாலும் மூக்கு காட்டிக் கொடுத்துடும்."

"இதையே வாங்கலாம்" என்றார் அம்மா.

"கேஸ் வேண்டாம்" என்றார் அப்பா.

"ஏங்க?"

"வேண்டாம்னா வேண்டாம்."

வெறுங்கையோடு திரும்பினோம். வண்டி ஓட்டும்போது அப்பா எப்போதும் விசிலடிப்பார். அன்று அடிக்கவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு ஒரு விஷயம் மனசுக்குள் போய்விட்டால் அது தானாக வெளியே வரும்வரை வாய் திறக்காது.

மூக்கு காட்டிக் கொடுக்கும் என்று கடைக்காரர் சொன்னபோது அப்பாவின் முகம் ஏன் வாடியது?

வீட்டுக்குப் போவதற்குள் ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது. மாடியிலிருந்த எனக்கு நாற்றம் வந்து ஓடி வந்தேன். அப்பா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும், ஐந்து சின்ன பாட்டில்களை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"அம்மா கண்ணை டெஸ்ட் பண்றாங்க. நான் மூக்கை டெஸ்ட் பண்றேன். உட்காருங்கப்பா."

"எனக்கு வார்னிஷ் வேலை கிடக்குடா."

"ரெண்டே நிமிஷம்."

துண்டால் அவர் கண்ணைக் கட்டினேன். முதல் பாட்டிலில் வெங்காயம்.

"ஆரஞ்சுத் தோல்" என்றார்.

இரண்டாவதில் காபித்தூள்.

"சோப்பு. சரியா?"

மூன்றாவது, நான்காவது எல்லாமே தப்பு. ஒவ்வொரு பதிலையும் பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற பையனைப் போலத் தயங்காமல் சொன்னார். ஐந்தாவதை நீட்டினேன். நன்றாக மூச்சை இழுத்தார்.

"ஆகா! ரோஜாப்பூ."

"அதுல ஒண்ணுமே இல்லப்பா. வெறும் பாட்டில்."

அப்பா கண்கட்டை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தார்.  

"ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிடுச்சு" என்றார் கடைசியில். "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றார்."

"அப்போ தினமும் எப்படிச் சமைக்கிறீங்க?"

"நாக்கு இருக்கே. அது இன்னும் லீவு போடல."

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"ஸ்பிரிட் கசிஞ்சா கண்ணுக்கு ஈரம் தெரியும். கேஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாது. அதையும் சொல்ல முடியல. சொன்னா அம்மா உங்க ரெண்டு பேரையும் அத்தை வீட்டுல விட்டுட்டுத்தான் கிளம்புவா. கேஸ் கசியறதுகூடத் தெரியாத சமையல்காரனை நம்பி யாரு புள்ளைங்களை வேன்ல ஏத்துவா? நீ சொல்லிடாதே."

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

அவர் கண்கட்டை அவிழ்த்து மடித்தார்.

நான் வாசலில் போய் உட்கார்ந்தேன். அங்கே என் சைக்கிள் நின்றது. முந்தின வாரம்தான் அதற்குப் பங்க்சர் ஒட்டியிருந்தோம். ஓட்டை எங்கே என்று சைக்கிள் கடைக்காரர் ட்யூபை மோந்தா பார்த்தார்? தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார்.

நான் உள்ளே ஓடினேன்.

"அப்பா! குமிழி!"

சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று நினைத்திருப்பார். அம்மா வெகுநேரம் ஒரு செருப்போடு நின்றார்.

"ரெண்டு மாசம். ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் டெஸ்ட் வைக்கிறேன். என் வீட்டுல நடக்கறது எனக்குத் தெரியல." பிறகு மெதுவாக, "புள்ளைங்க அத்தை வீட்டுல இருக்கட்டுங்க" என்றார்.

தம்பி அழ ஆயத்தமானான்.

"அம்மா, குமிழி டெஸ்ட் வைக்காம ஃபெயில் போடலாமா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். மூன்று வருடமாகச் சோதனை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர், அந்தக் கேள்விக்குப் போடலாம் என்று சொல்ல முடியுமா?

அடுத்த நாள் கேஸ் அடுப்பை வாங்கி வந்து, வேனின் பின்கதவைத் திறந்து பலகையில் வைத்தோம். அலமாரிகளுக்கு அப்பா அன்று காலையில்தான் வார்னிஷ் அடித்திருந்தார். கொஞ்சம் சோப்பை ஒரு கிண்ணத்தில் கரைத்தேன். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை அப்பா கழுவிக் கொண்டுவந்தார்.

"பக்கத்துல தீ எதுவும் இல்லையே?" என்றார் அம்மா.

"இல்லை."

அப்பா டப்பாவைப் பொருத்தினார். பற்ற வைக்கவில்லை. டப்பாவும் அடுப்பும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். பெரிய ஓவியருக்குக்கூட அத்தனை பொறுமை இருக்காது. நாலு தலைகளும் குனிந்தன.

"ஒண்ணும் இல்லையே" என்றார் அம்மா.

"இரு, இரு" என்றார் அப்பா.

"இதோ! இதோ குமிழி! அது வளருது!" என்று தம்பி குதித்தான்.

கடுகளவு குமிழி ஒன்று பட்டாணியாகி உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று முளைத்தது.

அம்மா குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். என்னையும் கூப்பிட்டார். நானும் மோந்தேன்.

"எனக்கு வார்னிஷ் நாத்தம்தான் அடிக்குதும்மா."

"எனக்கும் அதேதான்" என்றார் அம்மா. அவர் குரல் இறங்கியிருந்தது.

அப்பா அதற்குள் டப்பாவைக் கழற்றித் தள்ளி வைத்திருந்தார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. நகத்தால் நெம்பி எடுத்து, நேராக்கி வைத்துப் பொருத்தினார். மறுபடி சோப்புத் தண்ணீர். நூறு எண்ணும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணியவன் தம்பி, இரண்டு முறை நாற்பதிலிருந்து எழுபதுக்குத் தாவினான். அதனால் மூன்றாவது முறையும் எண்ணினோம்.

ஒரு குமிழிகூட இல்லை.

"நாலு பேர்ல மூணு பேருக்கு மூக்கு இருக்கு. ஒருத்தருக்கும் தெரியல" என்றார் அம்மா. "மூக்கு இல்லாதவர் கண்டுபிடிச்சிருக்கார்."

"நான் இல்ல. இவதான்." அப்பா பிரஷை என் கையில் கொடுத்தார். அது இன்னும் ஈரமாக இருந்தது.  அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஓர் அடி வளர்ந்துவிட்டேன்.

"பாஸா ஃபெயிலாம்மா?" என்றான் தம்பி.

அம்மா பையிலிருந்து கண் சோதனை நோட்டை எடுத்தார். புதுப் பக்கத்தில் எழுதினார். 'டப்பா மாத்தும்போதெல்லாம் சோப்பு. பின்கதவு திறந்திருந்தால்தான் அடுப்பு. படுக்கிற இடத்தில் டப்பா கிடையாது. காலையில் மூக்கு டியூட்டி: மகள்.' கீழே கையெழுத்துப் போட்டார். அதற்கும் கீழே பெரிதாக 'பாஸ்'.

அப்பா பற்ற வைத்தார். டக். அந்த அடுப்பில் முதலில் கொதித்தது தேநீர். சர்க்கரை போட மறந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, குடித்தோம். வேன் கிளம்பிய நாளில் வழியெல்லாம் அவர் விசிலடித்தார்.

ஒரு வருட வேலை மூன்று வருடமானது. ஒரு நாள்கூடக் கேஸ் கசியவில்லை. அம்மா இப்போது ஓய்வு பெற்று, தானே தடிமனான கண்ணாடி போட்டிருக்கிறார். தம்பி பேருந்து ஓட்டுகிறான். நான் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வேனை ஒரு பூக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அப்பாவின் மூக்கு முழுசாகத் திரும்பவில்லை. காபியும் மழை வாசனையும் மட்டும் வந்தன. அது போதும் என்கிறார். அடுப்பு அவரிடம்தான் இருக்கிறது. வளையத்தை மாற்றும்போதெல்லாம், நான் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் போன் செய்து, "குமிழி இல்லடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.