வெள்ளித் துகளும் ஜன்னல் திரையும்

என் அம்மாவைப் பொய்க்காரி என்று ஒருவர் சொன்னார். அதுவும் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே சொன்னார். ஆள் வரவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஒரு தடவை வந்துச்சு. அதுக்கப்புறம் ஆறு தடவை செஞ்சும் வரலை. அப்போ அந்த ஒரு படம் எங்கேர்ந்து வந்துச்சு? நீங்களே வரைஞ்சீங்களா?"

பேசியவர் அம்மாவின் ஆய்வுக்கூடத் தலைவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் முசுடு.

"நான் எதையும் வரையலை சார். நுண்ணோக்கியில வந்த படம் அது."

"வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு உட்காருது. அதுக்குள்ள மறுபடி செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா படம் பொய்னு எழுதிடுவாங்க. அப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் உங்களைச் சேர்க்காது."

போன் அடங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டிருப்பேன்.

"முசுடு முசுடுதான்!" என்றேன்.

"சும்மா இருடி சில்வண்டு," என்றாள் அம்மா. நாள் முழுக்க லொடலொடவென்று பேசுவதால் எனக்கு அந்தப் பெயர்.

அம்மாவின் வேலை கொஞ்சம் வினோதமானது. பென்சில் முனையில் கரி இருக்கிறதல்லவா? அதை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஓர் அணு தடிமனில் ஒரு தகடு மிஞ்சும். அதுதான் கிராஃபீன். அந்தத் தகடுகளை அம்மா நீரில் கலந்து, வெள்ளி உப்பைச் சேர்த்து, வெளிச்சம் படாதபடி ஜன்னல் திரை போட்ட அறையில் ஒரு மணி நேரம் வைப்பாள். பிறகு ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். வெள்ளி குட்டிக் குட்டித் துகள்களாகத் தகட்டின்மேல் உட்காரும்.

துகள்கள் சிறிதாக, தள்ளித் தள்ளி உட்கார்ந்தால், குடிநீரில் இருக்கும் கிருமிகளை அந்தத் தகடு ஒரு கை பார்த்துவிடும். ஆனால் இந்த வெள்ளி இருக்கிறதே, சொன்ன பேச்சுக் கேட்காது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் அழகாக உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்தைத்தான் முசுடு நம்பவில்லை.

"அன்னிக்கு மட்டும் என்னம்மா வித்தியாசம்?"

"ஒண்ணுமே இல்லைடி. அதே குடுவை, அதே தண்ணி, அதே அளவு. உனக்கு மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டாங்களே, அந்த நாள்."

எனக்குப் பகீரென்றது.

ஆய்வுக்கூடத்துக்குள் சிறுவர்கள் வரக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும். ஆனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்று என்னை யாரிடம் விடுவது? அம்மா என்னைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனாள். தன் பாதுகாப்புக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டி, மூலை நாற்காலியில் உட்கார வைத்தாள். "எதையாவது தொட்டே, தொலைச்சிடுவேன்," என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாடியில் இருக்கும் நுண்ணோக்கி அறைக்குப் போனாள்.

நான் எதையும் தொடவில்லை, ஜன்னல் திரையைத் தவிர. வரைபடத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டியிருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் கடலும் நிலமும் ஒரே நிறமாகத் தெரிந்தன. கயிற்றை இழுத்துத் திரையைத் திறந்தேன். மேசைமேல் வெயில் விழுந்தது. அங்கேதான் அம்மாவின் குடுவை இருந்தது. அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பழையபடி மூடிவிட்டேன்.

இதைச் சொன்னால் திட்டு விழும். விழட்டும், திட்டு எனக்குப் புதிதா? ஆனால் நான் உள்ளே வந்தது தெரிந்தால் அது அம்மாவின் வேலைக்கே உலை வைத்துவிடும். சொல்லாவிட்டால் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள்.

மறுநாள் காலையில் அம்மா தலை வாரிவிடும்போது சொல்லிவிட்டேன். அப்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? சீப்பு பாதியில் நின்றது.

"ரெண்டு வாரமா நான் மண்டையை உடைச்சுக்கறேன்! ஊர்க்கதை எல்லாம் பேசறே, இதைச் சொல்ல மட்டும் வாய் வரலையா உனக்கு?"

"நேத்து வரைக்கும் எனக்கே தெரியாதும்மா."

"எவ்வளவு நேரம் திறந்து வெச்சிருந்தே?"

"கடலுக்கு நீலம் அடிச்சு முடிக்கற வரைக்கும்."

"அது எவ்வளவு நேரம்டி?"

"பெரிய கடல்மா. ஒரு மணி நேரம் இருக்கும்."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "வெயில் பட்டதும் கொஞ்சம் வெள்ளி மட்டும் தகட்டுல விதை மாதிரி ஒட்டியிருக்கு. அப்புறம் மருந்து விட்டதும் ஒவ்வொண்ணும் அது இருந்த எடத்துலயே வளர்ந்திருக்கு!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் அன்று பாதிப் பின்னலோடு பள்ளிக்கூடம் போனேன்.

மாலையில் அம்மா புதிய படத்தோடு வந்தாள். துகள்கள் பொட்டுப் பொட்டாக, ஒன்றை ஒன்று இடிக்காமல் உட்கார்ந்திருந்தன. நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

"திரையை நானே திறந்தேன்னு சொல்லிக்கறேன். நீ வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம். சரியா?" என்றாள் அம்மா. தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து அம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறை பெஞ்சு வரைக்கும் சிறுவர்கள் வரலாம். பக்கத்து அறையில்தான் குழு உட்கார்ந்திருந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"நல்லா வந்திருக்கு," என்றது ஒரு பெண் குரல். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை அவர். "அந்தப் புதன்கிழமை திரையைத் திறந்தது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் அம்மா.

காகிதம் சரசரத்தது. "மூணுலேர்ந்து நாலு வரைக்கும் நுண்ணோக்கி அறையில இருந்ததா இங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் முசுடு. "ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல எப்படிங்க இருந்தீங்க? இதுலயே பொய் சொல்றவங்க படத்துல சொல்ல மாட்டாங்களா?"

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் எனக்காகத்தான் சொன்னாள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"திரையை நான்தான் திறந்தேன். படம் நிஜம். எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க." சொன்னது கொஞ்சம் உளறலாகத்தான் இருந்தது. பையிலிருந்து வரைபட நோட்டை எடுத்து நீட்டினேன். நீலக் கடலுக்குக் கீழே அந்தப் புதன்கிழமைத் தேதி இருந்தது.

பேராசிரியை என்னை மேலும் கீழும் பார்த்தார். "முழுசாத் திறந்தியா, பாதியா?"

"முழுசா மேடம். பாதியில நிறுத்தலாம்னு பார்த்தேன், கயிறு நிக்கலை."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். முசுடு சிரிக்கவில்லை.

"அப்போ, குழந்தையை உள்ள விட்டிருக்கீங்க," என்றார் அம்மாவிடம். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அரைமணி நேரம் கழித்து அம்மா ஒரு காகிதத்தோடு வெளியே வந்தாள். வாசல் படியில் இருவரும் உட்கார்ந்தோம்.

"வேலை போச்சாம்மா?"

"போச்சு. திங்கள்கிழமையிலேர்ந்து வர வேண்டாமாம். வெயில்ல வைக்கற முறையை அவங்களே மேல செஞ்சுக்குவாங்களாம்."

"நாம கண்டுபிடிச்சதை அந்த முசுடா செய்யறது?" எனக்கு அழுகை முட்டியது. "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"இருந்திருந்தா வேலையும் போயிருக்கும், பேரும் போயிருக்கும்." அம்மா தன் கண்ணைத் துடைக்காமல் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு காகிதத்தைப் பிரித்தாள். அதில் இரண்டே வரிகள்தான் இருந்தன.

முதல் வரியை அம்மா மெதுவாகப் படித்தாள். மறுபடியும் ஒரு தடவை படித்தாள்.

"ரெண்டாவது வரி?"

"அதை வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கலாம்," என்று காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "முதல் வரியை நீ ஒரு தடவை படி."

"படமும் முடிவுகளும் உண்மையானவை," என்று நான் எழுந்து நின்று படித்தேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை உரக்கப் படித்தேன்.